வலையமைப்புக் கோப்பு உருவாக்கமும் பண்புக்கூறுகளும்: ஒரு வரலாறு

கணினியில் ஒரு கோப்பு உருவாகும்போது பெயர் மட்டும் உருவாவதில்லை. உரிமையாளர் யார், எந்தக் குழுவைச் சேர்ந்தது, யார் படிக்கலாம், யார் எழுதலாம், எப்போது மாற்றப்பட்டது ஆகிய விவரங்களும் கூடவே பதிவாகின்றன. இவை கோப்பின் பண்புக்கூறுகள் எனப்படும். கோப்பு அதே கணினியின் வட்டில் இருந்தால் இயக்குதளம் இவை அனைத்தையும் ஒரே செயலாகச் செய்து முடித்துவிடும். கோப்பு வலையமைப்பின் மறுமுனையில், சர்வர் என்று வழக்கில் சொல்லப்படும் வழங்கியில் இருக்கும்போது நிலைமை வேறு. "இந்தப் பெயரில், இந்தப் பண்புக்கூறுகளோடு ஒரு கோப்பை உருவாக்கு" என்ற கோரிக்கை அங்கே போய், பதில் திரும்பி வர வேண்டும். கோரிக்கை வழியில் தொலையலாம். கோரிக்கை போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலையலாம். ஒரே கோரிக்கை இரண்டு முறை போய்ச் சேரலாம். கோப்பு இருக்கிறது, ஆனால் அதன் பண்புக்கூறுகள் இன்னும் சரியாக இல்லை என்ற இடைவெளி இப்படித்தான் தோன்றுகிறது. அந்த இடைவெளியை மூடுவதற்கு நெறிமுறைகளை வகுத்தவர்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

யூனிக்ஸ் தந்த உறுதிமொழிகள்

இந்த வரலாறு யூனிக்ஸ் இயக்குதளத்திலிருந்து தொடங்குகிறது. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் நிரல் அனுமதி எண் ஒன்றைக் கொடுக்கும். எண்ம முறையில் 0666 என்றால் எல்லோரும் படிக்கலாம், எழுதலாம். பயனர் தமக்கென 'யூமாஸ்க்' என்ற வடிகட்டி எண்ணை வைத்திருப்பார். அது 022 என்றால், உரிமையாளர் அல்லாதவர்களின் எழுதும் உரிமை நீங்கிக் கோப்பு 0644 என்ற அனுமதியோடு உருவாகும். நிரலை எழுதியவர் தாராளமாகக் கேட்கலாம். எவ்வளவு கொடுப்பது என்பதைப் பயனர் தீர்மானிப்பார். எளிமையான ஏற்பாடு இது. இதுவே பின்னாளில் பெரிய தலைவலியாகும் என்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

இதோடு யூனிக்ஸ் இரண்டு உறுதிமொழிகளையும் தந்தது. முதலாவது: ஒரு நிரல் "படிக்க மட்டும்" என்ற அனுமதியோடு கோப்பை உருவாக்கினாலும், அதை உருவாக்கித் திறந்த அந்த நிரல் அதில் எழுதலாம். அனுமதிச் சோதனை கோப்பைத் திறக்கும்போது மட்டுமே நடக்கும். பிறகு ஒவ்வொரு முறை எழுதும்போதும் நடக்காது. இரண்டாவது: "ஏற்கெனவே இந்தப் பெயரில் கோப்பு இருந்தால் உருவாக்காதே" என்று நிபந்தனை விதிக்கலாம். ஒரே நொடியில் இரண்டு நிரல்கள் இதே நிபந்தனையோடு கேட்டால் ஒன்றுக்குத்தான் கோப்பு கிடைக்கும்.

இரண்டாவது உறுதிமொழியை நம்பிப் பல நிரல்கள் எழுதப்பட்டன. மின்னஞ்சல் நிரல்கள் அவற்றுள் முக்கியமானவை. ஒருவரின் அஞ்சல் பெட்டி ஒரே கோப்பாக இருந்த காலம் அது. புதிய மடலைச் சேர்க்கும் நிரலும், படித்த மடலை நீக்கும் நிரலும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டால் மடல்கள் அழிந்துபோகும். எனவே தொடுவதற்கு முன் ஒரு சிறிய பூட்டுக் கோப்பை உருவாக்குவது வழக்கமானது. உருவாக்க முடிந்தவர் உள்ளே போகலாம். முடியாதவர் காத்திருக்க வேண்டும்.

நினைவில் வைக்காத வழங்கி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் 'நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்' என்ற முறையை உருவாக்கியது. சுருக்கமாக என்.எஃப்.எஸ். ரஸ்ஸல் சாண்ட்பர்க், டேவிட் கோல்ட்பர்க், ஸ்டீவ் கிளெய்மன், டான் வால்ஷ், பாப் லயன் ஆகியோர் இதன் வடிவமைப்பை விளக்கும் கட்டுரையை 1985-ஆம் ஆண்டு கோடைக்கால யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அளித்தனர். வெளியுலகில் பயன்பாட்டுக்கு வந்த முதல் பதிப்பு 2-ஆம் பதிப்பே. அதன் வரையறை 1989 மார்ச்சில் ஆர்.எஃப்.சி 1094 என்ற ஆவணமாக வெளியானது.

இந்த நெறிமுறையின் அடிப்படைக் கொள்கை, வழங்கி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பது. எந்தப் பயனர் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்ற கணக்கே அதனிடம் இல்லை. கோப்பைத் திறத்தல், மூடுதல் என்ற கோரிக்கைகளே நெறிமுறையில் கிடையாது. வழங்கி பழுதாகி நின்று மறுபடி எழுந்தால், பயனர் கணினி பழைய கோரிக்கையையே திரும்ப அனுப்பும், வேலை தொடரும். மின்வெட்டையும் வலையமைப்புத் தடங்கலையும் தாங்குவதற்கு இது அருமையான உத்தி. யூனிக்ஸின் இரண்டு உறுதிமொழிகளும் உடைந்தது இந்தக் கொள்கையால்தான்.

முதல் உறுதிமொழியை எடுத்துக்கொள்வோம். எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்பது வழங்கிக்குத் தெரியாததால், ஒவ்வொரு எழுதும் கோரிக்கையின்போதும் அது அனுமதியைச் சோதித்தாக வேண்டும். படிக்க மட்டும் என்று உருவாக்கப்பட்ட கோப்பில், உருவாக்கியவரே எழுத முயன்றாலும் மறுப்புதான் வரும். இதற்குக் கண்ட தீர்வு, உரிமையாளருக்கு மட்டும் அனுமதி எண் என்னவாக இருந்தாலும் வழங்கி இடம் கொடுத்துவிட வேண்டும் என்பது. உரிமையாளரைத் தடுக்கும் பொறுப்பு பயனர் கணினியிடம் விடப்பட்டது. ஆர்.எஃப்.சி 1094 இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

கோப்பை உருவாக்கும் கோரிக்கையில் அடைவு, பெயர், பண்புக்கூறுகள் என மூன்றும் சேர்ந்து போகும். பண்புக்கூறுகளுக்கு ஆறு இடங்கள்: அனுமதி எண், உரிமையாளர் எண், குழு எண், அளவு, கடைசியாகப் படித்த நேரம், கடைசியாக மாற்றிய நேரம். ஒரு விவரத்தைக் குறிப்பிட விரும்பாவிட்டால் அந்த இடத்தில் -1 என்று எழுத வேண்டும். "காலி" என்பதைச் சொல்லத் தனி வழி இல்லாமல் ஓர் எண்ணையே அதற்குப் பயன்படுத்தியது தவறான முடிவு. அதன் விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன. அந்த இடம் 32 துணுக்குகள் கொண்டது. அனுமதி எண்ணோ பல கணினிகளில் 16 துணுக்குகள் கொண்டது. சன் நிறுவனத்தின் சில பயனர் கணினிகள் 16 துணுக்கு அளவிலான -1-ஐ அனுப்பின. 32 துணுக்கு இடத்தில் அது 65535 என்ற சாதாரண எண்ணாகத் தெரிந்தது. லினக்ஸ் வழங்கியின் மூலநிரலில் இதைக் கண்டுபிடித்துப் பொறுத்துப்போவதற்கென்றே ஒரு சோதனை எழுதி வைத்தார்கள்.

நேரத்திலும் இதேபோல் ஒரு குறுக்குவழி. "நான் சொல்லும் நேரத்தைப் போடு" என்று கேட்க முடியும். "உன் கடிகார நேரத்தைப் போடு" என்று கேட்க வழியில்லை. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாத இடங்களில் இது தொல்லை. ஒரு நொடியில் பத்து இலட்சம் மைக்ரோநொடிகள் உள்ளன. எனவே மைக்ரோநொடிக்கான இடத்தில் வரக்கூடிய மிகப் பெரிய எண் 999999. அங்கே செல்லாத எண்ணான 1000000 வந்தால் "வழங்கியின் நேரத்தைப் போடு" என்று பொருள் கொள்ளும் வழக்கத்தை சன் கொண்டு வந்தது. சாதனக் கோப்புகளை உருவாக்கத் தனிக் கோரிக்கை இல்லாததால், சாதன எண்ணைக் கோப்பின் அளவுக்கான இடத்தில் வைத்து அனுப்பும் பழக்கமும் இருந்தது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தனி இடம் இல்லாத விவரத்தை ஓரத்தில் எழுதி அனுப்புவதைப் போன்றவை இவை. வேலை நடந்தது, ஓரத்துக் குறிப்பின் பொருள் தெரியாதவர் கையில் கிடைத்தால் குழப்பம்தான்.

கேட்டதெல்லாம் அப்படியே கிடைக்கும் என்பதும் இல்லை. உரிமையாளர் யார் என்பதைக் கோரிக்கையோடு வரும் அடையாளச் சான்றை வைத்தே வழங்கி முடிவு செய்யும். கேட்பவர் பயனர் கணினியின் தலைமை நிர்வாகியாக இருந்தால் பல வழங்கிகள் அந்த அதிகாரத்தை ஏற்பதில்லை. அவரை 'நோபடி' என்ற அதிகாரமற்ற பயனராக மாற்றிக் கோப்பை அந்தப் பெயரில் உருவாக்கும். யூமாஸ்க் வடிகட்டலோ பயனர் கணினியிலேயே முடிந்துவிடும். வடிகட்டிய எண் மட்டும் வழங்கிக்குப் போகும். வடிகட்டி என்ன என்பது போகாது.

தொலைந்த பூட்டு

இரண்டாவது உறுதிமொழி உடைந்ததுதான் பெரிய இழப்பு. "ஏற்கெனவே இருந்தால் உருவாக்காதே" என்று சொல்ல 2-ஆம் பதிப்பில் இடமே இல்லை. அப்படியொரு குறியீடு இருந்திருக்க வேண்டும் என்று ஆர்.எஃப்.சி 1094-இலேயே ஒரு குறிப்பு உள்ளது. வரையறை ஆவணம் தன் குறையைத் தானே ஒப்புக்கொள்வது அடிக்கடி காணக்கூடியது அல்ல. பயனர் கணினி முதலில் "இந்தப் பெயரில் கோப்பு உள்ளதா?" என்று கேட்கும், "இல்லை" என்ற பதில் வந்ததும் "உருவாக்கு" என்று அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் வேறொரு கணினி அதையே செய்தால் இருவருக்கும் "உருவாக்கியாயிற்று" என்ற பதில் கிடைக்கும். இருவரும் பூட்டு தம்மிடம் இருப்பதாக நம்பி அஞ்சல் பெட்டியில் எழுதுவார்கள்.

நிரலாளர்கள் இதற்கு மாற்றுவழி ஒன்றைக் கண்டார்கள். வேறு யாரும் வைக்க முடியாத தனிப் பெயரில், கணினியின் பெயரையும் நிரலின் எண்ணையும் சேர்த்து, ஒரு கோப்பை உருவாக்குவது. பிறகு அதற்குப் பூட்டுக் கோப்பின் பெயரை இரண்டாவது பெயராக இணைப்பது. இணைப்பு பலித்ததா என்பதற்கு வழங்கியின் பதிலை மட்டும் நம்புவதில்லை. தனிக் கோப்பின் இணைப்பு எண்ணிக்கையைக் கேட்டு, அது 2 ஆகியிருந்தால் பூட்டு கிடைத்தது என்று கொள்வார்கள். பதில் வழியில் தொலைந்தாலும் எண்ணிக்கை உண்மையைச் சொல்லிவிடும். லினக்ஸின் கையேட்டுப் பக்கத்தில் இந்த முறை விளக்கப்பட்டுள்ளது.

பதில் தொலைவது கற்பனைப் பயம் அல்ல. என்.எஃப்.எஸ் அந்நாளில் பெரும்பாலும் யூ.டி.பி வழியே ஓடியது. பதில் வராவிட்டால் அதே கோரிக்கை மறுபடி அனுப்பப்படும். ஒரு பகுதியைப் படிக்கும் கோரிக்கையை இருமுறை செய்தால் கேடில்லை. உருவாக்கும் கோரிக்கை அப்படியல்ல. முதல் முறை உருவான கோப்பில் சில வரிகள் எழுதிய பிறகு, தாமதமாக வந்த இரண்டாவது கோரிக்கை அளவைச் சுழியமாக்கி எழுதியதை அழித்துவிடலாம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த செட் ஜுஸ்சாக் 1989-ஆம் ஆண்டு குளிர்கால யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். அண்மையில் செய்து முடித்த கோரிக்கைகளையும் பதில்களையும் வழங்கி சிறிது காலம் நினைவில் வைத்திருந்து, அதே கோரிக்கை திரும்ப வந்தால் பழைய பதிலையே தர வேண்டும். வழங்கிகள் பலவும் இதை ஏற்றுக்கொண்டன. எதையும் நினைவில் வைக்காத வழங்கி என்ற கொள்கை இங்கே சற்று வளைந்தது. ஆனால் அந்த நினைவு வழங்கி மறுதொடக்கம் ஆனால் போய்விடும்.

எட்டு எண்மிகளுக்கு ஓர் இடம்

3-ஆம் பதிப்பு 1995 ஜூனில் ஆர்.எஃப்.சி 1813 ஆக வெளிவந்தது. பிரெண்ட் காலகன், பிரையன் பாவ்லோவ்ஸ்கி, பீட்டர் ஸ்டாபாக் ஆகியோர் இதை எழுதினர். -1 போய், ஒவ்வொரு பண்புக்கூறுக்கும் "இதை அமைக்கவா, வேண்டாமா" என்ற தனிக் குறி வந்தது. நேரத்துக்கு மூன்று தேர்வுகள்: மாற்றாதே, வழங்கியின் நேரத்தைப் போடு, நான் தரும் நேரத்தைப் போடு. சாதனக் கோப்புகளுக்குத் தனிக் கோரிக்கை வந்தது.

உருவாக்கும் கோரிக்கையிலும் மூன்று வகைகள் வந்தன. முதல் வகையில், கோப்பு ஏற்கெனவே இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் வகையில், இருந்தால் பிழை தர வேண்டும். மூன்றாம் வகைதான் தனியுரிமை உருவாக்கம்.

இரண்டாம் வகையே போதாதா என்று கேட்கத் தோன்றும். ஒரு மாணவர் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு அஞ்சலில் விண்ணப்பிக்கிறார். இடம் கிடைத்துவிட்டது, ஆனால் கடிதம் வழியில் தொலைந்தது. காத்திருந்து பார்த்து மறுபடி விண்ணப்பிக்கிறார். "அந்த இடம் நிரம்பிவிட்டது" என்று பதில் வருகிறது. நிரப்பியது அவரேதான், அது அவருக்குத் தெரியாது. இரண்டாம் வகைக் கோரிக்கையை அனுப்பி, பதில் தொலைந்து, வழங்கியும் மறுதொடக்கம் ஆன கணினியின் நிலை இதுதான்.

மூன்றாம் வகையில் பயனர் கணினி எட்டு எண்மிகள் கொண்ட சரிபார்ப்பு முத்திரை ஒன்றை அனுப்புகிறது. தன் வலையமைப்பு முகவரியையும் கோரிக்கை எண்ணையும் சேர்த்து அதை அமைக்கலாம் என்று ஆவணம் வழிகாட்டுகிறது. வழங்கி கோப்பை உருவாக்கும்போது முத்திரையையும் அதனுடன் நிலையாகப் பதிய வேண்டும். அதே கோரிக்கை திரும்ப வந்தால், கோப்பில் உள்ள முத்திரையோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் "நீதான் உருவாக்கினாய், எடுத்துக்கொள்". பொருந்தாவிட்டால் "வேறொருவர் முந்திக்கொண்டார்".

முத்திரையை எங்கே பதிவது? வழங்கி நின்று எழுந்தாலும் அது அழியக் கூடாது. கோப்பு முறைமைகளில் இதற்கென்று காலி இடம் எதுவும் இல்லை. கடைசியாகப் படித்த நேரத்துக்கு நான்கு எண்மிகள், கடைசியாக மாற்றிய நேரத்துக்கு நான்கு எண்மிகள், கூட்டினால் எட்டு. புதிதாகப் பிறந்த கோப்புக்கு இந்த நேரங்களால் உடனடிப் பயன் ஏதும் இல்லை. எனவே முத்திரையை அங்கே வைத்தார்கள். இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் புத்திசாலித்தனமான உத்தி என்று இதைச் சொல்லலாம்.

அதற்கு விலையும் இருந்தது. தனியுரிமைக் கோரிக்கையில் முத்திரை போகும் இடத்தில் பண்புக்கூறுகள் போக முடியாது. கோப்பு பிறந்த பிறகு, பண்புக்கூறுகளை அமைக்கும் இரண்டாவது கோரிக்கையைப் பயனர் கணினி கட்டாயம் அனுப்ப வேண்டும். அதுவரை கோப்பில் தெரியும் எந்தப் பண்புக்கூறையும் நம்பக் கூடாது என்று ஆவணம் எச்சரிக்கிறது. இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவில் பயனர் கணினி நின்றுபோனால், யாருக்கும் எந்த அனுமதியும் இல்லாத, தேதி பொருந்தாத கோப்பு ஒன்று வழங்கியில் தங்கிவிடும். லினக்ஸ் வழங்கியில் இப்படித் தங்கும் கோப்பின் அனுமதி எண் சுழியம். அதன் தேதி 1970-க்கும் 2038-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம், ஏனென்றால் அது தேதியே அல்ல, முத்திரை. முத்திரையின் உச்சத் துணுக்கு சோலாரிஸ் 7 கணினிகளைக் குழப்பியதால், லினக்ஸ் வழங்கி அந்தத் துணுக்கை நீக்கிவிட்டே பதிகிறது. 2038-க்கு அப்பாற்பட்ட தேதிகள் தோன்றாததற்குக் காரணம் இதுவே. விளங்காத தேதியுடன் காலிக் கோப்பைக் காணும் நிர்வாகி வட்டு பழுதாகிவிட்டதோ என்று அஞ்சக்கூடும்.

விண்டோஸ் பக்கம்

எஸ்.எம்.பி நெறிமுறையைப் பயன்படுத்தும் விண்டோஸ் கணினிகளுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. அங்கே வழங்கி திறந்த கோப்புகளை நினைவில் வைத்திருக்கும். தனியுரிமை உருவாக்கமும் எளிது. உருவாக்கும் கோரிக்கையில் போவதோ டாஸ் காலத்துப் பண்புக்கூறுகள்: படிக்க மட்டும், மறைவு, அமைப்புக் கோப்பு, காப்பகம். யூனிக்ஸ் அனுமதி எண் என்பதே அதில் இல்லை.

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிஜெல் தொடங்கிய சாம்பா மென்பொருள், யூனிக்ஸ் கணினியை விண்டோஸுக்கான கோப்பு வழங்கியாக்கியது. வராத அனுமதி எண்ணை அது தானே உண்டாக்க வேண்டியிருந்தது. நிர்வாகி ஒரு வடிகட்டி எண்ணை அமைக்கலாம், அமைக்காவிட்டால் 0744. இது யூமாஸ்கைப் போன்றதுதான், ஆனால் வழங்கியின் கையில் இருக்கும் யூமாஸ்க். வந்த பண்புக்கூறுகளை வைப்பதற்கும் இடம் வேண்டும். விண்டோஸுக்கு யூனிக்ஸின் இயக்க அனுமதித் துணுக்குகளால் பயனில்லை என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டார்கள். காப்பகக் குறி உரிமையாளரின் இயக்கத் துணுக்கில், அமைப்புக் குறி குழுவின் துணுக்கில், மறைவுக் குறி மற்றவர்களின் துணுக்கில். சாதாரணக் கடிதக் கோப்பு கூட யூனிக்ஸில் இயக்கத்தக்க நிரலாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். பின்னர் கோப்போடு கூடுதல் விவரங்களைச் சேர்க்கும் வசதி லினக்ஸில் பரவியதும் குறிகள் அங்கே இடம்பெயர்ந்தன. 2018-இல் வந்த சாம்பா 4.9 முதல் அதுவே இயல்பு அமைப்பானது.

நான்காம் பதிப்பும் யூமாஸ்கும்

என்.எஃப்.எஸ் 4-ஆம் பதிப்பு 2000-இல் ஆர்.எஃப்.சி 3010 ஆக வந்து, 2003-இல் ஆர்.எஃப்.சி 3530 ஆகத் திருத்தப்பட்டது. நினைவில் வைக்காத வழங்கி என்ற கொள்கை இதில் கைவிடப்பட்டது. கோப்பை உருவாக்குவதும் திறப்பதும் ஒரே கோரிக்கையாயின. எந்தெந்தப் பண்புக்கூறுகள் அமைக்கப்பட்டன என்ற பட்டியலை வழங்கி தன் பதிலில் சொல்கிறது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பயனர் கணினி முதன்முறையாக நேரடியாக அறிய முடிந்தது. ஆனால் தனியுரிமை உருவாக்கத்தில் பழைய குறை நீடித்தது. முத்திரை போனது, பண்புக்கூறுகள் பின்னால்தான் போயின.

2010 ஜனவரியில் ஆர்.எஃப்.சி 5661 ஆக வெளியான 4.1 பதிப்பு இதைத் தீர்த்தது. முத்திரையும் பண்புக்கூறுகளும் சேர்ந்து போகும் புதிய வகைக் கோரிக்கை வந்தது. எந்தப் பண்புக்கூறுகளை அப்படிச் சேர்த்து அனுப்பலாம் என்று வழங்கியிடம் முன்கூட்டியே கேட்கவும் முடியும். முத்திரையை நேரங்களுக்குள் வைக்கும் வழங்கி, அந்த நேரங்களைப் பட்டியலிலிருந்து விலக்கிவிடும். பதில்களை நிலையாகச் சேமிக்கும் அமர்வு முறையும் இப்பதிப்பில் வந்தது. அது உள்ள இடங்களில் முத்திரையே தேவையில்லை.

மிஞ்சியது யூமாஸ்க். ஓர் அடைவில் உருவாகும் கோப்புகள் அனைத்தையும் ஒரு குழுவினர் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்றால், அந்த அடைவுக்கு மரபுரிமை அணுகல் பட்டியல் அமைக்கலாம். அத்தகைய பட்டியல் இருந்தால் யூமாஸ்கைப் பொருட்படுத்தக் கூடாது என்பது உள்ளூர்க் கோப்பு முறைமைகளின் வழக்கம். வலையமைப்பிலோ அந்த முடிவை யாராலும் எடுக்க முடியவில்லை. யூமாஸ்க் என்ன என்பது பயனர் கணினிக்குத் தெரியும். அடைவில் பட்டியல் உள்ளதா என்பது வழங்கிக்குத் தெரியும். பயனர் கணினி வழக்கம்போல் வடிகட்டி அனுப்ப, 022 என்ற யூமாஸ்க் குழுவினரின் எழுதும் உரிமையைப் பறித்துவிட்டது. பகிர்ந்து பணியாற்ற உருவாக்கிய அடைவில், ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் திருத்த முடியாமல் போனது.

2017 டிசம்பரில் புரூஸ் ஃபீல்ட்ஸ், ஆண்ட்ரியாஸ் குரூன்பாக்கர் ஆகியோர் எழுதிய ஆர்.எஃப்.சி 8275 இதற்காகவே ஒரு புதிய பண்புக்கூறைச் சேர்த்தது. அதில் நிரல் கேட்ட அனுமதி எண்ணும் பயனரின் யூமாஸ்கும் தனித்தனியாகப் போகின்றன. அடைவில் மரபுரிமைப் பட்டியல் இருந்தால் வழங்கி யூமாஸ்கை விட்டுவிடும். இல்லாவிட்டால் தானே வடிகட்டும். இந்தப் பண்புக்கூறு கோப்பை உருவாக்கும்போது மட்டுமே செல்லும். உருவான கோப்பிலிருந்து அதைப் படிக்க முடியாது. இதை அறியாத பழைய வழங்கியிடம் பேசும்போது, பயனர் கணினி முன்போலவே வடிகட்டிய எண்ணை அனுப்புகிறது.